ஊதோனின் சிறுமி, நகல்: ஒரு சுடுமண் சிலையைப் பிரித்து ஒட்டிய பதிவு

பாரிஸில் பழம்பொருள் விற்கும் தெருச்சந்தைகளில் சுற்றுகிறவர்கள் இந்தச் சிறுமியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ரிப்பன் கட்டிய தலைமுடி, லேசாகத் திரும்பிய தலை, எதையோ உற்றுப் பார்க்கும் கண்கள். பெயர் லூயீஸ் ப்ரோன்யார். பிரெஞ்சுச் சிற்பி ழான்-அந்துவான் ஊதோன் 1777-இல் அவளைச் சுடுமண்ணில் மார்பளவுச் சிலையாக வடித்தபோது அவளுக்கு ஐந்து வயது. அந்தச் சிலை இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், அண்ணன் அலெக்சாந்தரின் சிலையோடு இருக்கிறது. நகல்களோ ஊரெல்லாம் கிடக்கின்றன: சுடுமண்ணில், பிளாஸ்டரில், பளிங்கில், வெண்கலத்தில்.

நான் வாங்கியது சுடுமண் நகல்களில் ஒன்று. ஏற்கெனவே ஒருமுறை உடைந்து, யாரோ ஒட்டி, அந்த ஒட்டும் விட்டுப்போய், தலையும் உடம்பும் தனித்தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தது. விற்றவர் பதினெட்டாம் நூற்றாண்டு என்று அடித்துச் சொன்னார். கேட்ட விலை நாற்பது யூரோ. அவரே நம்பவில்லை என்று தெரிந்தது.

அது எந்தக் காலத்துச் சரக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பழுதுபார்க்கும் முறையையே அது மாற்றுகிறது. ஊதோன் காலத்துச் சிலை என்றால் நான் கையே வைத்திருக்க மாட்டேன், நேரே அருங்காட்சியக வேலை செய்பவரிடம் கொண்டு போயிருப்பேன். முதுகுப் பக்கம் 'ஊதோன்' என்று ஈர மண்ணில் கீறிய கையொப்பம் இருந்தது. அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அச்செடுக்கும்போது கையொப்பமும் சேர்ந்தே அச்சில் வந்துவிடும். ஊதோனின் பட்டறை தன் சிலைகளில் சிவப்பு அரக்கு முத்திரை வைப்பதுண்டு. அதையும் பின்னாளில் போலியாக வைத்தார்கள்.

கையொப்பத்தைவிட உள்பக்கம்தான் உண்மை பேசும். சிலையைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மண்ணை, பல துண்டுகளாகக் கழலும் அச்சுக்குள் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பிய தடம் வரிசையாக இருந்தது. காதுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஓடும் அச்சு இணைப்புக் கோட்டைத் தேய்த்து மறைக்கப் பார்த்திருக்கிறார்கள், முழுதாக மறையவில்லை. அச்சில் அழுத்துவது மட்டும் போலிக்கு அடையாளம் இல்லை. அந்தக் காலத்துப் பட்டறைகளும் அச்சில் அழுத்திவிட்டுப் பிறகு கையால் செதுக்கித் திருத்தினார்கள். அந்தத் திருத்தல்தான் இதில் இல்லை. முடிக்கற்றைகள் எல்லாம் ஒரே மாதிரி மழுங்கியிருந்தன. இன்னொன்று அளவு. களிமண் காயும்போது சுருங்கும், சுடும்போது மறுபடி சுருங்கும். இரண்டும் சேர்த்து நூற்றுக்கு 5 முதல் 10 வரை போகும். ஆகவே ஒரு சிலையிலிருந்து அச்செடுத்து மண்ணில் செய்த நகல், மூலத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். விவரம் தெரிந்த வியாபாரிகள் கையில் டேப்போடு வருவது இதற்காகத்தான். எல்லாம் சேர்த்துப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வீட்டு அலங்காரத்துக்காகச் செய்தது என்று முடிவு கட்டினேன்.

அந்தக் காலத்தில் இதற்கு நல்ல கிராக்கி. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் ஊதோன் காலத்து, அதாவது பதினாறாம் லூயி காலத்துப் பாணி மறுபடி மோஸ்தராகி, புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளின் கணப்பு மேடைகளுக்கு பழைய கிரேக்க, ரோமானியப் பாணியைப் பின்பற்றும் நியோகிளாசிக்கல் சிலைகள் தேவைப்பட்டன. அதற்கு நூறு வருடம் முன்புவரை சுடுமண் என்பது சிற்பியின் கரட்டு வரைவு மாதிரிதான். பளிங்கில் செதுக்குவதற்கு முன் கையைப் பழக்கிப் பார்ப்பது. எரிமலை புதைத்த ரோமானிய ஊர்களான எர்குலேனியத்தையும் பொம்பேயியையும் தோண்டத் தொடங்கிய பிறகு கிரேக்க, ரோமானியப் பித்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. ரோமில் பல வருடம் இருந்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய க்ளோதியோன் போன்ற சிற்பிகள் சுடுமண் சிற்பத்தையே முடிந்த பொருளாகச் செய்து விற்றார்கள். வாங்குகிறவர்களுக்கும் சிற்பியின் விரல் பட்ட மண்தான் பிடித்திருந்தது.

இந்தச் சிறுமியின் குடும்பத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. அப்பா அலெக்சாந்தர்-தியோதோர் ப்ரோன்யார் கட்டடக் கலைஞர். பாரிஸின் பழைய பங்குச்சந்தை மாளிகை அவர் வரைந்தது, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஏழு வயதில் ஊதோனுக்கு உட்கார்ந்து கொடுத்த மகன், 1800-இல் செவ்ர் பீங்கான் ஆலையின் தலைவராகி 1847-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். சுடுமண்ணில் முகம் வடிக்கப்பட்ட பையன், வாழ்நாள் முழுக்க மண்ணையும் சூளையையும் ஆராய்ந்து கழித்திருக்கிறார்.

சரி, பழுதுக்கு வருவோம்.

கழுத்தில் முழு உடைப்பு. இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தனியாகப் போய், அதை ஒட்டியிருந்தார்கள்; அது இன்னும் பிடித்திருந்தாலும் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றது. பின்னால் ரிப்பனின் ஒரு நுனி இல்லை. இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய தொல்லை, முன்பு ஒட்டியவர் பூசிய பூச்சு. கழுத்து ஒட்டை மறைக்கப் பிளாஸ்டர் அப்பி, அது தெரியாமல் இருக்கச் செங்கல் நிறப் பெயிண்ட் அடித்து, பெயிண்ட் தனியாகத் தெரிகிறதே என்று தாடை, கன்னம், ஒரு கண் வரைக்கும் அடித்துக்கொண்டே போயிருக்கிறார். இரண்டு விரல் அகல உடைப்பை மறைக்க முகத்தில் பாதி காணாமல் போயிருந்தது.

எந்தப் பசை என்று தெரியாமல் கரைப்பானைக் கையில் எடுக்கக் கூடாது. புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பார்த்தேன். தோள் ஒட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்ந்தால் அரக்கு, நம் ஊர்த் தச்சர்கள் பாலிஷ் போட எடுக்கும் அதே ஷெல்லாக். அந்தக் காலத்தில் உடைந்த பீங்கானையும் மண்ணையும் ஒட்ட ஐரோப்பாவில் அதுதான் புழக்கத்தில் இருந்தது. பெரும்பாலான அரக்கு இங்கே கப்பலேறி வந்ததே இந்தியாவிலிருந்துதான் என்பதால் எனக்கு ஒரு சின்ன சொந்தம் கொண்டாடல். கழுத்தில் அரக்கு இல்லை, பிளாஸ்டரும் நடுவில் ஒரு இரும்புக் கம்பியும். கம்பி துருப்பிடித்திருந்தது. இரும்பு துருவானால் இடம் கூடுதலாகக் கேட்கும். சுடுமண்ணுக்கு விரிந்து கொடுக்கத் தெரியாது. கழுத்தில் கீழ்நோக்கி ஒரு விரிசல் விட்டிருந்தது. சிலை இரண்டாவது முறை உடைந்ததற்கு விழுந்தது காரணமாக இருக்கலாம், ஆனால் கம்பிதான் வழி திறந்து வைத்தது.

அடுத்த சோதனை தண்ணீர். பஞ்சைக் குச்சியில் சுற்றி, வெறும் வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) நனைத்துப் பிழிந்து, அடிப்பக்கம் கண்ணில் படாத ஒரு இடத்தில் உருட்டினேன். பஞ்சு காவி நிறமானது. அத்தோடு தண்ணீர் வேலை முடிந்தது. சூளையிலிருந்து வரும் சுடுமண் திட்டுத்திட்டாக இருக்கும், ஒரு கன்னம் சிவந்து மறு கன்னம் வெளுத்து. அதைச் சமன் செய்யப் பசைநீரில் காவியைக் கலந்து மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். பலர் பழைய அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுவது அதைத்தான். கழுவிய சிலையைக் கண்டால் உடனே தெரியும்: பூந்தொட்டி நிறத்தில், புதுசாக, உயிரே இல்லாமல் இருக்கும். உப்புப் பூத்த சுடுமண்ணை வடிநீரில் ஊறப்போட்டு எடுக்கும் முறை உண்டு என்றாலும் இப்படிப் பூச்சுள்ள சிலைக்கு அது ஆகாது.

நல்ல வேளை, அந்தப் பசைப் பூச்சை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. மேலே அடித்த நவீன பெயிண்ட்டோ அசிட்டோனில் இளகியது. அதனால் வேலை நகர்ந்தது. தூசியை மெல்லிய தூரிகையாலும் புகைக்கரி துடைக்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்சாலும் எடுத்துவிட்டு, பெயிண்ட்டைச் சிறு சிறு கட்டமாகப் பிரித்துக்கொண்டேன். பஞ்சைத் தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். ஒரு உருட்டு, பஞ்சைத் தூர எறி, புதுப் பஞ்சு. அழுக்குப் பஞ்சாலேயே உருட்டினால் கரைந்த பெயிண்ட் மண்ணின் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் திறந்து, நைட்ரில் கையுறை போட்டு, பக்கத்தில் அடுப்போ மெழுகுவர்த்தியோ எதுவும் இல்லாமல். பாரிஸ் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வது ஒரு தனி அனுபவம்.

இடது கண்தான் இந்த வேலையிலேயே அதிக நேரம் பிடித்தது. ஊதோன் கண்களைச் செய்யும் விதம் யாரிடமும் இல்லாதது. கருவிழியைக் குழியாகக் குடைவார். ஆனால் மேலிமைக்குக் கீழே ஒரு சின்னத் துணுக்கை மட்டும் குடையாமல் விட்டுவைப்பார். குழி நிழலாகி விழியாகும், அந்தத் துணுக்கின் மேல் வெளிச்சம் விழுந்து கண்ணின் பளபளப்பாகும். சாயமே இல்லாமல் பார்வை வந்துவிடும். என் நகலில் வலது கண்ணில் அந்தத் துணுக்கு கடுகளவு இருந்தது. இடது குழி முழுக்கப் பெயிண்ட்டும் பிளாஸ்டரும். பல்குத்தும் குச்சி நுனியில் இரண்டு நூல் பஞ்சைச் சுற்றி, பூதக்கண்ணாடிக்குக் கீழே, பெயிண்ட்டை இளக்கி இளக்கி எடுத்தேன். அடியில் துணுக்கின் வேர் மட்டும் இருந்தது, நுனி போயிருந்தது.

அரக்கு ஒட்டைப் பிரிக்க எத்தனால். ஒட்டின் கோடு நெடுகப் பஞ்சு வைத்து, எத்தனாலை ஊற்றி, ஆவியாகாமல் இருக்க அலுமினியத் தாளால் மூடி வைத்தால் அரக்கு மெல்ல இளகும். அரக்கு பழசாக ஆக எளிதில் கரையாது, பொறுமை வேண்டும். தோள் துண்டு தானாகக் கையோடு வந்த பிறகு, உடைந்த பரப்பில் மீதமிருந்த பழுப்புப் படலத்தை ஸ்கால்பல் கத்தியால் சுரண்டினேன். கழுத்துப் பிளாஸ்டருக்கு வேறு வழியில்லை: ஈரப் பஞ்சைப் பிளாஸ்டர் மேல் மட்டும் தொட்டு இளக்கி, ஓரத்துப் பூச்சின்மேல் சொட்டு விழாமல், துளித்துளியாகக் கொத்தி எடுக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டர் போனதும் கம்பி ஆடியது, உருவி எடுத்தேன்.

புதுக் கம்பி வைக்கவில்லை. கழுத்தின் மண்சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம், உடைந்த பரப்புகள் பிசிறில்லாமல் பொருந்துகின்றன, தலை உள்ளே கூடு. இதற்குப் பசையே போதும். தவிர, ஒட்டு மண்ணைவிட வலுவாக இருந்தால் அடுத்த முறை விழும்போது ஒட்டு உடையாது, பக்கத்து மண் புதிதாக உடையும். எப்பாக்ஸி வேண்டாம் என்பதற்கும் அதே காரணம்; அதோடு அது மஞ்சளாகும், வீட்டில் வைத்துப் பிரிக்கவும் முடியாது.

நான் பயன்படுத்தியது பாராலாய்ட் பி-72. அருங்காட்சியகங்களில் மண்பாண்டத்துக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் அக்ரிலிக் பிசின். எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனில் கரைத்துப் பிரித்துவிடலாம். முதலில் 5 கிராம் மணிகளை மெல்லிய துணியில் முடிந்து 100 மில்லி அசிட்டோனில் தொங்கவிட்டேன். அடியில் போட்டால் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். அந்த நீர்த்த கரைசலை உடைந்த விளிம்புகளில் பூசிக் காயவிட்டேன். இதைச் செய்யாவிட்டால் சுடுமண் பசையை உறிஞ்சிக்கொண்டு, ஒட்டு காலியாகிவிடும். ஒட்டுவதற்கு ட்யூபில் வரும் அதே பிசினின் கெட்டிப் பசை.

இங்கே ஒரு எச்சரிக்கை, சென்னையிலோ மதுரையிலோ இருந்து படிப்பவர்களுக்கு. பி-72 சுமார் 40 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். இங்கே ரேடியேட்டர் மேல் வைக்காத வரை பிரச்சினை இல்லை. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையிலோ மூடிய காரிலோ வைத்தால் கனமான ஒட்டு மெல்லச் சரியும். சூடான ஊர்களில் அகழாய்வு செய்பவர்கள் அதைவிட 20 டிகிரி கூடுதலாகத் தாங்கும் பி-44-ஐ எடுக்கிறார்கள், அல்லது இரண்டையும் கலக்கிறார்கள்.

பசை போடுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் வெறும் மாஸ்கிங் டேப்பால் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோள் துண்டை முதலில் ஒட்டினால் கழுத்து உட்காருகிறதா, கழுத்தை முதலில் ஒட்டினால் தோள் நுழைகிறதா? எனக்குத் தோள் முதலில். டேப்பையும் பூச்சின்மேல் அழுத்தி ஒட்டாமல், துணியில் தொட்டு அதன் ஒட்டும் பிடிப்பைக் குறைத்துவிட்டு ஒட்டினேன். இல்லையென்றால் கழற்றும்போது காவியும் சேர்ந்து வந்துவிடும். பிறகு ஒரு வாளி மணலில் உடம்பைச் சாய்த்துப் புதைத்து, தலையின் எடை நேர்கீழாகக் கழுத்தில் இறங்கும்படி வைத்தேன். புவியீர்ப்புக்கு இணையான கவ்வி கிடையாது. நகத்தை ஒட்டின் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். தட்டவில்லை என்றால் மட்டம் சரி. அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். ஆட்டிப் பார்க்கத் தோன்றும், ஆட்டக் கூடாது.

இடைவெளி நிரப்ப வழக்கமாக நிறமி கலந்த, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டர் நல்லது. எனக்குத் தண்ணீர் ஆகாது என்பதால் அதே பி-72-இல் நுண் கண்ணாடிக் குமிழ்த் தூளும் காவி, மஞ்சள் காவி, கொஞ்சம் வெள்ளை நிறமியும் பிசைந்து சாந்து செய்தேன். அந்தத் தூள் காற்றில் பறக்கும், முகக்கவசம் கட்டாயம். காய்ந்ததும் அசிட்டோன் பஞ்சால் தடவியே வடிவம் கொண்டுவரலாம், உப்புத்தாள் தேவையில்லை. உப்புத்தாள் ஒரு இழுப்பில் பக்கத்துப் பூச்சையும் கொண்டுபோய்விடும். நிறத்தைத் தட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஓட்டின்மேல் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு, சிலை நிற்கப்போகும் வெளிச்சத்திலேயே பாருங்கள். சாந்தின் மேல் மட்டும் புள்ளி புள்ளியாக நிறம் வைத்தேன், அசல் மண்ணில் ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் தெரியாது, கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அவ்வளவுதான் வேண்டும்.

ரிப்பன் நுனியை விட்டுவிட்டேன். லூவ்ரின் ரிஷலியூ பகுதிக்குப் போய் மூலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் செய்திருக்கலாம்தான்; ஆனால் பின்பக்கம், உடைந்த இடமும் தேய்ந்து பழகியிருக்கிறது, கண்ணை உறுத்தவில்லை. இடது கண்ணின் துணுக்கை மட்டும் ஊசிமுனைச் சாந்தால் வைத்தேன். சுத்தம் பார்ப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே நியாயம் வேண்டாமா என்பார்கள். வேண்டாம். ரிப்பன் இல்லாமல் சிறுமி சிறுமியாகவே இருக்கிறாள். கண்ணில் அந்தக் கடுகு இல்லையென்றால் ஒற்றைக் கண் குருடு மாதிரி இருக்கிறது. அசிட்டோன் பஞ்சால் ஒரு தொடுதலில் எடுத்துவிடக்கூடியதுதான்.

கடைசியில் ஒரு துண்டுத் தாளில் பசையின் பெயர், சாந்தில் என்ன கலந்தேன், எந்த மாதம் என்று பென்சிலால் எழுதிச் சிலையின் கூட்டுக்குள் வைத்தேன். முன்பு ஒட்டியவர் இப்படி ஒரு சீட்டு வைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

அலங்காரம் பற்றிக் கொஞ்சம். பழைய வீடு அலங்கரிப்பவர்கள் சுடுமண்ணுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள், மெழுகு போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். எண்ணெய் உள்ளே இறங்கிக் கறுத்துவிடும், பிறகு எந்தக் கரைப்பானுக்கும் முழுதாக வெளியே வராது. சுடுமண்ணின் அழகே அந்த மங்கல்தான். பளபளப்பு வேண்டுமென்றால் பளிங்கு வாங்குங்கள். என் சிறுமி சாம்பல் பளிங்குக் கணப்பு மேடையில், கருப்புச் சாயமிட்ட கடைசல் மரப் பீடத்தின் மேல் நிற்கிறாள். பீடத்தையும் சிலையையும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இணைக்கிறது. சிலையைத் தூக்கினால் கம்பியோடு வராமல் கழன்று வரும்படி, பூசி இறுக்காமல் வைத்தேன். பின்னால் கண்ணாடி இருப்பதால் முதுகுப் பக்க இணைப்புக் கோடு தெரிகிறது. சிலர் அதற்காகவே சுவரோடு ஒட்டி வைப்பார்கள், எனக்குத் தெரிந்தால் தெரியட்டும். கணப்பில் இப்போது யாரும் நெருப்பு மூட்டுவதில்லை. மூட்டுகிற வீடாக இருந்தால் இந்தப் பசைக்கு மேடை சரிப்படாது, அலமாரிதான்.

அடுத்து அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஜோடியாக நிற்கச் செய்த சிலைகள் இவை. அலெக்சாந்தர் சந்தையில் கிடைக்காமல் இல்லை, ஆனால் ஒவ்வொரு பட்டறையும் வேறு வேறு அச்சில் செய்ததால் உயரம் ஒத்துவருவதில்லை; தங்கையைவிடச் சின்ன அண்ணனை ஏற்கெனவே பார்த்து வேண்டாம் என்று வந்துவிட்டேன். இப்போது சந்தைக்குப் போகும்போது புற ஊதா டார்ச்சோடு, பீடத்திலிருந்து உச்சிவரை அவள் உயரம் குறித்த ஒரு நூலும் பையில் இருக்கிறது.